இருபது மில்லிசெகண்ட்

பேட்ச், மூன்றாம் பதிப்பு. பதினோரு வரி.
ஒன்பது வரி இடைவெளித் திருத்தம்,
ஒன்று எழுத்துப்பிழை.
மிச்சமிருக்கும் ஒன்றின் முன்னால்
சிவப்பில் ஒரு கழித்தல் குறி.
ரெகுலேட்டர் எப்போதும் திறந்தே இருக்கட்டும்
என்று சொல்லும் வரி.
எடுத்துவிடலாம் என்கிறாள் விர்பி.
சர்க்யூட் வரைபடத்தில் அதற்குக் காரணம் இல்லை,
பேட்டரி வீணாகிறது, என்கிறாள்.
நியாயம்தான்.

கூத்தாநல்லூர்ப் பக்கம் ரெகுலேட்டர் என்றால்
ஆற்றுக்குக் குறுக்கே ஷட்டர்களோடு நிற்பது.
இது அரிசிமணி அளவு.
மூன்று புள்ளி மூன்று வோல்ட்டை
சென்சாருக்கும் ரேடியோவுக்கும்
ஒரு பச்சை விளக்குக்கும் பாய்ச்சுகிறது.

கெர்னலுக்குக் கண் கிடையாது.
எந்தக் காலில் எந்தக் கம்பி,
எந்த முகவரியில் யார் குடியிருப்பது,
எல்லாம் நாம் எழுதித் தந்த மரத்தைப் படித்துத்தான்
தெரிந்துகொள்கிறது.
இல்லாததை எழுதிவைத்தால்
தேடிக்கொண்டே இருக்கும், பாவம்.
இருப்பதை எழுதாமல் விட்டால்
அது பிறக்கவே இல்லை.

வரியை யார் சேர்த்தது என்று கேட்டேன்.
கருவி சொன்னது:
ஜுலைகா.
ஐந்து வருடம் முன்பு, நவம்பர்,
இரவு இரண்டே கால்.

நான்தான்.
காரணம் எழுத வேண்டிய இடத்தில்
‘இப்போது வேலை செய்கிறது’ என்று மட்டும்.
வேறு யாராவது இப்படி அனுப்பியிருந்தால்
கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன்.

யோசித்துப் பார்க்கிறேன். ஐப்பசி அடைமழை.
மூணாத்துத் தலைப்பிலிருந்து
லஸ்கர் கலியமூர்த்தி போனில் கத்தியிருப்பார்:
‘ஒங்க பொட்டி ஜீரோங்குது,
இங்க ஷட்டரு முங்கிகிட்டு இருக்கு!’
அவ்வளவுதான் நினைவில் இருக்கிறது.
அதன் பிறகு நான் என்ன பார்த்தேன்,
ஏன் பயந்தேன்,
எதுவும் இல்லை.

பீரோ மேலிருந்து பழைய போர்டை இறக்கி
டிபன் டப்பா மூடியில் வைத்தேன்.
வரியை நீக்கி ஏற்றினேன்.
எழுந்தது.
மறுபடி. எழுந்தது.
தூங்கவைத்து எழுப்ப எழுப்ப
ஏழில் ஒரு தடவை
சென்சார் வாயைத் திறக்கவில்லை.
நடுவில் கரண்ட் போய்
முக்கால் மணி நேரம் கொசுவோடு உட்கார்ந்தேன்.

வந்ததும் அலைக்காட்டியை மாட்டினேன்.
திறந்த அந்த நொடியே கெர்னல் கேள்வி கேட்கிறது.
மின்னழுத்தம் இன்னும்
பாதி ஏற்றத்தில் வந்துகொண்டிருக்கிறது.
மேட்டூரில் ஷட்டர் தூக்கிய அன்று மத்தியானம்
முத்துப்பேட்டை வாய்க்காலில் இறங்கி நின்று
தண்ணி எங்கே என்கிற ஆளைப் போல.

அப்போது நான் செய்தது இதுதான்:
எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அளக்காமல்
மூடவே கூடாது என்று எழுதிவிட்டேன்.
அவசரத்தில் சொன்ன பொய்.
அதைத்தான் ஐந்து வருடமாக
ஒவ்வொரு போர்டும் விழிக்கும்போதெல்லாம்
படித்துக்கொண்டிருந்தது.

எழுதினேன்:
விர்பி, அந்த வரி தப்பு. என் தப்பு.
ஆனால் வெறுமனே பிடுங்கினால் வலிக்கும்.
அதே இடத்தில்
திறந்தபின் காத்திருக்கும் நேரம், இருபது மில்லிசெகண்ட்,
என்று சேர்.
பழைய மரத்தை வைத்துப்
புதிய கெர்னலையும் ஓட்டிப் பார்த்தேன்,
மதகில் மாட்டியிருப்பவை பிழைத்துக்கொள்ளும்.

விடிவதற்குள் பதில்.
இருபது எங்கிருந்து வந்தது?
தயாரிப்பாளர் தாளில் பன்னிரண்டு என்றுதானே இருக்கிறது?

சிரித்துவிட்டேன். கேட்கத் தெரிந்தவள்.
தாளில் பன்னிரண்டு.
என் மேசையில் பதினேழு.
மீதி மூன்று,
மார்கழிக் குளிருக்கும் நான் பார்க்காத போர்டுகளுக்கும்.
மூன்று எண்ணையும் எழுது, ஏன் என்றும் எழுது.

நான்காம் பதிப்பில்
காரணம் மட்டும் ஆறு வரி இருந்தது.
சரிபார்த்தவர் என்ற இடத்தில்
என் பெயரைப் போட விரல் வைத்தவள்
எடுத்துவிட்டேன்.

எட்டாம் வரி.
டேப் இருக்கவேண்டிய இடத்தில் எட்டு ஸ்பேஸ்.
இடைவெளி திருத்த வந்தவள்தானே அம்மா நீ?
ஐந்தாம் பதிப்பு அனுப்பு.